ஈசினோபில் 18 சதவீதம், மலத்தில் ஒன்றுமில்லை

வணக்கம். அப்பாவுக்கு 61 வயது, நெல் விவசாயி. மொத்த வெள்ளணுக்கள் 9,000, ஈசினோபில் 18 சதவீதம். பூச்சி மாத்திரை அல்பெண்டசோல் ஒன்று போட்டார். பிறகு எடுத்த மலப் பரிசோதனையில் எதுவும் இல்லை. மூச்சிரைப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கப்போகிறார்கள். பூச்சி இல்லை என்று விட்டுவிடலாமா?
ச., மன்னார்குடி

அன்புள்ள ச.,

விடக்கூடாது. ஈசினோபில் ஒரு வகை வெள்ளணு. 9,000-இல் 18 சதவீதம் என்றால் 1,620. மேல்வரம்பு 500தான். ஆஸ்துமாவிலும் சில மருந்துகளாலும் இது ஏறும். ஆனால் வயலில் வெறுங்காலோடு நின்றவருக்குப் புழுவை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

புழுவை எந்த வெள்ளணுவாலும் விழுங்க முடியாது, அவ்வளவு பெரிது. அதனால் ஐஎல்-5 என்ற சமிக்ஞை மஜ்ஜையிலிருந்து ஈசினோபில்களை வரவழைக்கிறது. உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) படிந்த இளம்புழுவின் மேல் அவை ஒட்டிக்கொண்டு நச்சுப் புரதங்களைக் கொட்டுகின்றன. புழு திசுவுக்குள் நடமாடும்போதுதான் இது மும்முரம். நாக்குப்பூச்சியின் இளம்புழு நுரையீரலைக் கடக்கும் நாட்களில் ஈசினோபில் எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும். மலத்தில் முட்டை தென்பட இரண்டு மூன்று மாதம் ஆகும். யானைக்கால் புழுவால் வரும் இராத்திரி இருமலிலும் இதே கதை: ஈசினோபில் 3,000-ஐத் தாண்டியிருக்கும், ரத்தத்தில் புழு சிக்காது.

உங்கள் அப்பா விஷயத்தில் என் கவலை ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற குடற்புழு. மண்ணிலிருந்து பாதத் தோல் வழியே நுழைவது. பெண்புழு 2 மில்லிமீட்டர்தான், சிறுகுடல் சவ்வில் புதைந்திருக்கும். முட்டை உள்ளேயே பொரிந்துவிடும். மலத்தில் வருவது இளம்புழு, அதுவும் விட்டுவிட்டு. ஒரேயொரு மல மாதிரியை மட்டும் பார்த்தால் தப்பிவிடுவது சாதாரணம். சில இளம்புழுக்கள் வெளியே வராமல் குடற்சுவரைத் துளைத்துத் திரும்ப உடலுக்குள் புகும். இப்படிப் பல பத்தாண்டுகள் ஓடும். ஒற்றை அல்பெண்டசோலுக்கு இது அசையாது.

புழுக்களின் எண்ணிக்கை பெருகாமல் பிடித்து வைத்திருப்பது உடலின் அந்த எதிர்ப்புதான். ஸ்டீராய்டு அதை அடக்கிவிட்டால் இளம்புழுக்கள் கூட்டமாகக் குடலைத் துளைக்கும், குடல் பாக்டீரியாவையும் ரத்தத்துக்கு இழுத்துச் செல்லும். உயிருக்கே ஆபத்து.

ஸ்ட்ராங்கிலாய்டஸ் எதிர்ப்பொருள் சோதனையையும், வெவ்வேறு நாட்களில் மூன்று மல மாதிரிகளையும் மருத்துவரிடம் கேளுங்கள். மருந்து ஐவர்மெக்டின், கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். 60 கிலோ என்றால் 12 மில்லிகிராம். எத்தனை நாள் என்பதை அவர் முடிவு செய்வார். இரைப்பு கடுமையாக இருந்தால் ஸ்டீராய்டைத் தள்ளிப்போட வேண்டாம், ஐவர்மெக்டினையும் சேர்த்தே தொடங்கலாமா என்று கேளுங்கள். ரத்தத்தை மட்டும் முதல் ஸ்டீராய்டு மாத்திரைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். அந்த மருந்து ஈசினோபிலைத் தானாகவே இறக்கிவிடும், பிறகு வரும் எண்ணை நம்ப முடியாது.