கேளுங்கள், சொல்கிறோம்: நனூக் நிஜமா, நடிப்பா?

கே: ஆவணப்படம் என்றால் நடந்ததை நடந்தபடி எடுப்பதுதானே? ‘நனூக் ஆஃப் த நார்த்’ படத்தில் பாதி நடிப்பு என்கிறானே என் மகன்? – வாசகி, திண்டுக்கல்

ப: மகன் சொல்வது சரிதான். கனடாவின் ஹட்சன் விரிகுடாக் கரையில் இனுயிட் என்ற வடதுருவப் பழங்குடி மக்களை வைத்து ராபர்ட் ஃப்ளாஹெர்ட்டி எடுத்து, 1922இல் வெளிவந்த படம் அது. நாயகனின் உண்மைப் பெயர் அல்லாகரியல்லாக். மனைவியாக வருபவர் அவர் மனைவியே இல்லை. அவர்கள் கைக்கு அப்போதே துப்பாக்கி வந்துவிட்டது, ஆனாலும் பாட்டன் காலத்து வேட்டைதான் வேண்டும் என்று ஃப்ளாஹெர்ட்டி அவர்களை ஈட்டியோடு வால்ரஸ் என்ற தந்தமுள்ள கடல்விலங்கைப் பிடிக்க வைத்தார். பனிவீட்டுக்குள் கேமராவுக்கு வெளிச்சம் போதவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா, ஒரு பக்கம் திறந்த பாதி வீட்டைக் கட்டி, அந்தக் குளிரில் குடும்பத்தையே அதற்குள் தூங்கி எழுவதுபோல் நடிக்க வைத்தார்கள். இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். கிராமபோனையே பார்த்திராதவர்போல நாயகன் இசைத்தட்டைக் கடித்துப் பார்ப்பாரே, அதுதான் எனக்கு உறுத்தல். விவரம் தெரிந்த மனிதரை வெகுளியாக்கிக் காட்டிவிட்டார்கள். பணம் போட்டது ஒரு பிரெஞ்சுத் தோல் வியாபாரக் கம்பெனி என்பது தனிக்கதை.

அதற்காகப் பார்க்காமல் விடாதீர்கள். எடுத்த சுருளை அங்கேயே கழுவி, அவர்களுக்கே போட்டுக் காட்டி, சேர்ந்து எடுத்த படம்.

கே: அப்படியானால் நடிப்பே இல்லாத ஒன்றைச் சொல்லுங்கள்! – வாசகர், காரைக்குடி

ப: வடக்கு மாசிடோனியாவின் ‘ஹனிலேண்ட்’, 2019. மூன்று வருஷம் எடுத்தார்கள். தேனில் பாதியைத் தேனீக்கே விட்டுவைக்கும் பெண்ணின் கதை. ஆனால் அங்கேயும் படத்தொகுப்புக் கத்தரிக்கோல் உண்டு, சார்!