வெறுப்புக்குள்ளும் அவர்தான் இருக்கிறார்

கேள்வி: எனக்கு 29 வயது. டோம்பிவிலியில் வீடு, தாதரில் வேலை. ஆறு வருஷம் ஒருவரை உயிராக நேசித்தேன். பாட்டிக்கு உடம்பு முடியவில்லை என்று திருநெல்வேலி போனார். பாட்டிக்காக நான் செவ்வாய்க்கிழமை விரதம் இருந்தேன். அவருடைய நண்பரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அவரை மாலையும் கழுத்துமாகப் பார்த்தேன். இப்போது ரயில் சயான் தாண்டினாலே கண்ணை மூடிக்கொள்கிறேன். அடுத்த ஸ்டேஷன், நாங்கள் சந்தித்த மாட்டுங்கா, கண்ணில் படக் கூடாது. அவர் நாசமாகப் போகட்டும் என்று தோன்றுகிறது. ராத்திரி 2 மணிக்கு எழுந்து அவர் மனைவியின் இன்ஸ்டாகிராமைப் பார்க்கிறேன். எங்கள் அந்தரங்கப் படங்களை அவளுக்கு அனுப்பத் துடிக்கிறேன். நான் கெட்டவளா?
– பெயர் வேண்டாம், மும்பை

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் கெட்டவள் இல்லை.

அந்த விரதத்தைப் பற்றி எழுதிய இடத்தில் நின்றுவிட்டேன். அங்கே தாலி கட்ட நாள் குறித்தாகிவிட்டது. இங்கே நீங்கள் பட்டினி. யாரோ ஏமாற்றினால் கோபம் வரும், ஆறும். உயிராக நினைத்தவர் ஏமாற்றினால் பழைய நாள்களும் கையை விட்டுப் போகின்றன. போன தீபாவளிக்குச் சொன்னதும் பொய்யா, மழையில் நனைந்துகொண்டு வந்தாரே, அதுவும் நடிப்பா என்று ஆறு வருஷத்தையும் மறுபடி கிளறிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த வலிதான் வெறுப்பாகக் கொதிக்கிறது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் செமிர் ஸெகி, ஜான் ரொமாயா என்ற மூளை ஆராய்ச்சியாளர்கள் 17 பேருக்கு அவர்கள் வெறுக்கும் ஆளின் படத்தைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்து, 2008-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். காதலிலும் வேலை செய்யும் புட்டாமென், இன்சுலா என்ற இரண்டு பகுதிகள் வெறுப்பிலும் விழித்துக்கொண்டன. ஒரு வித்தியாசம் உண்டு. காதலில் ஆளை எடைபோடும் மூளைப்பகுதிகள் பெரும்பாலும் அடங்கிப்போகின்றன. வெறுப்பில் அப்படி அடங்குவது மிகக் கொஞ்சம். நடுராத்திரியில் உங்கள் மனசு இத்தனை துல்லியமாகத் திட்டம் போடுவது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

2010-ல் காதலை ஆராய்ந்த மானுடவியலாளர் ஹெலன் ஃபிஷரின் குழு, காதலில் கைவிடப்பட்ட 15 பேரிடம் பார்த்ததையும் சொல்கிறேன். விட்டுப்போனவர் படத்தைக் கண்டதும், போதை ஏக்கத்தோடு தொடர்புள்ள மூளைப்பகுதிகள் தூண்டப்பட்டன. இன்ஸ்டாகிராமைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் நீங்களே அவரைக் கூப்பிட்டு நடுவீட்டில் உட்கார வைக்கிறீர்கள். இருவரையும் இன்றைக்கே பிளாக் செய்யுங்கள். போனைச் சமையலறையில் வைத்துவிட்டுப் படுங்கள். முதல் சில நாள் கை பரபரக்கும். பரவாயில்லை.

படங்களை மட்டும் அனுப்பாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். சம்மதமில்லாமல் அந்தரங்கப் படத்தை அனுப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவில் 3 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். சட்டத்தை விடுங்கள், அந்தப் பெண்ணுக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. உங்களைப் போலவே அவளும் நம்பித்தானே கழுத்தை நீட்டியிருப்பாள்? தவிர, அந்தப் படத்தில் நீங்களும் இருக்கிறீர்கள்.

தூக்கம் வராமல் மனசு கண்டபடி ஓடினால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். அம்மாவிடம் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது.

கொஞ்சம் தெம்பு வந்த பிறகு, ஒரு சனிக்கிழமை தோழியைக் கூட்டிக்கொண்டு ஸ்லோ லோக்கலில் மாட்டுங்காவில் இறங்குங்கள். ஒரு ஃபில்டர் காபி, இரண்டு முழம் மல்லிகை. அழுகை வந்தால் அங்கேயே அழுங்கள். எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.