இரண்டு வயதுப் பிள்ளையோடு ஹை பார்க் நாடகத்துக்கு

தங்கச்சி, இப்பதான் ஸ்காபரோவுக்கு வந்திருக்கிறோம், ரொறன்ரோவின் ஹை பார்க் பூங்காவில் கோடையில் நடக்கிற திறந்தவெளி நாடகத்துக்கு இரண்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாமா, சத்தம் போட்டால் ஏசுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். சின்னச் சிணுங்கலுக்கு ஒருவரும் ஏச மாட்டார்கள். உங்களுக்குக் கஷ்டம் தரப்போவது சனமில்லை, நேரம்.

நாடகம் வழமையாக இரவு 8 மணியளவில் தொடங்கி ஒன்றரை மணித்தியாலம் அளவில் ஓடும். முடிந்தபிறகு ஸ்ரோலரைத் தள்ளிக்கொண்டு ஹை பார்க் சப்வே ஸ்டேஷனுக்கு நடக்க 15, 20 நிமிடம். அங்கிருந்து கென்னடி ஸ்டேஷனுக்கு முக்கால் மணித்தியாலம், அதற்குப் பிறகு பஸ். வீடு போய்ச் சேர 11 மணி தாண்டிவிடும். அதனால் முழுவதும் பார்க்கிற எண்ணத்தோடு வெளிக்கிட வேண்டாம். முதல் அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் பிள்ளை பார்த்தாலே பெரிய விஷயம். மிச்சம் கிடைத்தால் லாபம்.

1983இல் தொடங்கிய நிகழ்ச்சி இது. இப்போது கனேடியன் ஸ்டேஜ் என்ற நாடக நிறுவனம் நடத்துகிறது. பெரும்பாலும் ஷேக்ஸ்பியர்தான். வசனம் பெரியவர்களுக்கே பிடிபட நேரம் எடுக்கும், பிள்ளைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஓட்டம், பாட்டு, நிறமான உடுப்பு, வெளிச்சம், இவைதான் அதன் கண்ணில் படும். அந்த வருடம் நகைச்சுவை நாடகமென்றால் போங்கள். கொலையும் பேயும் உள்ள சோகநாடகமென்றால் அடுத்த வருடம் பார்க்கலாம். திடீரென்று கத்தினாலோ இடிச்சத்தம் போட்டாலோ இந்த வயதுப் பிள்ளை வெருண்டுவிடும், பிறகு மடியை விட்டு இறங்காது.

மாதமும் முக்கியம். ஜூலையில் சூரியன் மறைய 9 மணியளவாகும். பாதி நாடகம் பகல் வெளிச்சத்தில் நடப்பதால் பிள்ளை படுக்கிற நேரத்தை மறந்து துள்ளிக்கொண்டிருக்கும். ஓகஸ்ட் கடைசியில் 8 மணிக்கு முன்னமே சூரியன் மறைந்துவிடும். மேடை வெளிச்சம் அப்போதுதான் வடிவு, பிள்ளையும் மடியில் கெதியாக நித்திரையாகும். ஆனால் குளிர் இறங்கும். சுவெற்றர், காலுறை, ஒரு கம்பளி கட்டாயம் வேண்டும். என்னைக் கேட்டால் ஓகஸ்ட் நடுப்பகுதிதான் தோது.

அன்றைக்கு மத்தியான நித்திரையைக் கொஞ்சம் பிந்திப் போடுங்கள், 4 மணி வரை கிடக்கட்டும். 6 மணிக்குப் பூங்காவுக்குள் போய் ஓடவிட்டு, 7 மணிக்குச் சாப்பாடு கொடுத்து, பம்பஸ் மாற்றிக்கொண்டு போய் இருங்கள். உள்ளே இருந்துவிட்டு மாற்ற வெளிக்கிட்டால் இருட்டில், சரிவில், ஆட்களின் காலை மிதித்துக்கொண்டு போக வேண்டிவரும். பார்வையாளர் பகுதி சரிவில் படிப்படியாக இருக்கிறது, ஆகவே நடுவில் இருக்காதீர்கள். ஓரமாக, வெளியேறும் வழிக்குப் பக்கத்தில், மேல் வரிசைகளில் இடம் பிடியுங்கள். அழத் தொடங்கினால் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டில் வெளியே போய்விடலாம். போய் மேலே நின்றபடியும் பார்க்கலாம். நிலம் கடினம், ஈரமும் இருக்கும். அடியில் தண்ணீர் ஊறாத விரிப்பு, மேலே தலையணை. பெரிய கதிரை கொண்டுபோனால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும், அதற்கு ஏச்சு விழும்!

நுளம்பை லேசாக நினைக்க வேண்டாம். பொழுதுபடுகிற நேரம்தான் அதற்கும் கொண்டாட்டம், மரங்களும் குளமும் பக்கத்தில். நீட்டுக் கை, நீட்டுக் கால் உடுப்பு முதல் காவல். மருந்து பூசுவதென்றால் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 20 வீதம் வரையான இக்காரிடின் என்ற நுளம்பு மருந்தைப் பூசலாம் என்பது கனடா சுகாதாரத் துறையின் அறிவுரை. டீட் என்ற மற்ற மருந்தென்றால் 10 வீதத்துக்கு மேல் கூடாது, இரண்டு வயதுக்குள் ஒரு நாளைக்கு ஒரு தரம் மட்டும். கையிலும் முகத்திலும் பூசாதீர்கள், விரல் நேரே வாய்க்குள் போகும். வெயில் கிரீமும் பூசுவதென்றால் அதை முதலில், நுளம்பு மருந்து பிறகு. இரண்டும் கலந்து விற்கிற போத்தலை வாங்க வேண்டாம்.

சாப்பாட்டுக்கு மொறுமொறுப்புச் சத்தம் வராத, இருட்டில் தொண்டையில் அடைக்காத சாமான். கச்சான், பொப்கோர்ன், முழு முந்திரிகைப்பழம் (திராட்சை) வேண்டாம். இட்லி, வாழைப்பழம், சின்னத் துண்டுச் சாண்ட்விச் காணும்.

சனி ஞாயிறில் பூங்காவுக்குள் கார் விடுவதில்லை. கார் இருந்தால் வார நாளில் போங்கள், திரும்பும் பயணத்தில் பிள்ளை சீற்றிலேயே நித்திரையாகிவிடும். ரொறன்ரோவின் பஸ், சப்வே சேவையான ரிரிசியில் 12 வயது வரை பிள்ளைகளுக்குக் காசில்லை, ஆனால் படிகளை நினைத்து மடக்கக்கூடிய சின்ன ஸ்ரோலர் கொண்டுபோங்கள். மழை தூறினாலும் நாடகம் நடக்கக்கூடும். குடை பின்னால் இருப்பவரை மறைக்கும் என்பதால் தொப்பி வைத்த மழைக்கோட்டுத்தான் உதவும். இடி கேட்டால் அறிவித்தல் வரும்வரை காத்திருக்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுங்கள். ரிக்கெற் வாங்கும்போதே, மழையால் நின்றால் காசு திரும்ப வருமா என்று அதிலுள்ள விதியை வாசித்துவிடுங்கள்.