சனிக்கிழமை சுத்தம், திங்கட்கிழமை சாவு

கேள்வி: ஐயா, சிங்கப்பூர் செங்காங்கில் நாலறை வீட்டில் இருக்கிறோம். மகள் ஆசைப்பட்டாள் என்று அழகு இறால் வளர்க்க இரண்டடிக் கண்ணாடித் தொட்டி வாங்கி, ஒரு வாரம் தண்ணீர் ஓடவிட்டு, செர்ரி இறால் 20, கிறிஸ்டல் ரெட் இறால் 10 விட்டேன். இரண்டையும் ஒன்றாகப் போடலாம் என்றார் கடைக்காரர். மினரல் உப்பு, பாக்டீரியா பாட்டில், தீவனம் எல்லாம் அவர் சொன்னபடியே வாங்கினேன். குழாய்த் தண்ணீரை வாளியில் ஒரு ராத்திரி வைத்துத்தான் ஊற்றுகிறேன். சனிக்கிழமைதோறும் பாதித் தண்ணீரை மாற்றி, கண்ணாடியைத் துடைத்து, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயில் பளிச்சென்று அலசிவிடுகிறேன். அப்படியும் ஞாயிறு, திங்களில் இரண்டு மூன்று செத்துக் கிடக்கின்றன. சிலவற்றுக்குக் கழுத்தில் வெள்ளை வளையம் தெரிகிறது. தண்ணீர்ச் சூடு 29 டிகிரி. சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கிற கருவி) வைத்தால் சரியாகுமா? 400 வெள்ளிக்கு மேல் சொல்கிறார்கள். மகள் தினமும் எண்ணிப் பார்த்து அழுகிறாள்.

பதில்: தம்பி, சில்லர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். செர்ரிக்கு வேண்டாம். கிறிஸ்டல் ரெட்டுக்கு வேண்டும். கிறிஸ்டல், தென்சீன மலையோடை இறாலிலிருந்து 1990களில் ஜப்பானில் தேர்ந்தெடுத்து வளர்த்த ரகம். 25 டிகிரிக்கு மேல் போனாலே அதற்குத் திண்டாட்டம். அமிலம் பக்கம் சாய்ந்த தண்ணீர் வேண்டும், அடியில் அக்வா சோயில் என்கிற தொட்டி மண் வேண்டும். செர்ரி கொஞ்சம் தாதுச்சத்துள்ள தண்ணீரில்தான் ஓடு நன்றாகக் கட்டும். இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தவருக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தும் விற்றார், ஏனென்றால் செத்தால் நீங்கள் திரும்ப வருவீர்கள். செர்ரி மட்டும் என்றால் தொட்டி விளிம்பில் ஒரு சின்ன மின்விசிறி போதும். நம் ஊர் ஈரக்காற்றிலும் இரண்டு டிகிரி இறங்கும். விசிறி வைத்தால் தண்ணீர் ஆவியாகிக் குறையும். அதை ஆர்.ஓ. தண்ணீரால் (உப்புகளை வடிகட்டி எடுத்த தண்ணீர்) நிரப்புங்கள். ஏர்கான் குழாயில் சொட்டுவதைப் பிடித்து ஊற்றச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அது செம்புக் குழாயும் தூசியும் படிந்த சுருளிலிருந்து வழிகிற தண்ணீர். இறாலுக்குச் செம்பு விஷம்.

சரி, சூடு பிரச்சினைதான், ஆனால் சூட்டுக்குக் கிழமை தெரியாது. வாரம் முழுக்க 29 டிகிரியில் இருக்கிற இறால் ஏன் பார்த்துப் பார்த்து ஞாயிறிலும் திங்களிலும் சாகிறது? நீங்கள் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான். பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சனிக்கிழமை.

வாளித் தண்ணீரிலிருந்து ஆரம்பிப்போம். ஒரு ராத்திரி வைத்தால் குளோரின் பறந்துவிடும் என்பது நம் அப்பா காலத்து வழக்கம், அந்தக் காலத்துத் தண்ணீருக்குச் சரி. இங்கே பொதுப் பயனீட்டுக் கழகம் குழாய்த் தண்ணீரில் சேர்ப்பது குளோரமின். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது அது, ஒரு ராத்திரியில் போகாது. ஆன்டி குளோரின் என்கிற முறிப்பு மருந்தை விட்டுத்தான் முறிக்க வேண்டும். அதிலும் மலிவான பாட்டில் குளோரினை மட்டும் முறித்துவிட்டு அம்மோனியாவைத் தண்ணீரிலேயே விட்டுவிடும். பாட்டிலில் 'குளோரமின், அம்மோனியா' இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடையில் நீங்கள் முதலில் வாங்கியிருக்க வேண்டியது இதைத்தான். அதை மட்டும் அவர் தரவில்லை!

அடுத்தது ஸ்பாஞ்ச். இறால், தீவன மிச்சம், அழுகிய இலை எல்லாம் அம்மோனியாவாக மாறும். அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா அந்த ஸ்பாஞ்சின் பழுப்புச் சகதியில்தான் குடியிருக்கிறது. அதைக் குளோரமின் கலந்த குழாய்த் தண்ணீரில் வெளுக்க அலசுவது, உறைமோரைக் கொதிக்க வைத்துவிட்டுத் தயிர் தோயவில்லையே என்று கேட்கிற கதை. அந்தப் பாக்டீரியாக் கூட்டம் முளைப்பதற்கே நாலைந்து வாரம் ஆகும். நீங்கள் ஒரு வாரத்தில் இறாலை விட்டுவிட்டு, முளைத்ததையும் வாராவாரம் கொன்றிருக்கிறீர்கள். நம் தண்ணீர்ச் சூட்டில் அம்மோனியாவின் நஞ்சு இன்னும் ஏறும்.

வெள்ளை வளையம் தண்ணீர் மாற்றியதன் கைவேலை. பாதித் தண்ணீரை ஒரே நேரத்தில் மாற்றினால் உப்பும் சூடும் சட்டென்று மாறும். புது ஓடு தயாராகாத இறால்கூட அந்த அதிர்ச்சியில் பழைய ஓட்டைக் கழற்றப் பார்க்கும். தலைக்குப் பின்னால், முதுகுப் பக்கம் மட்டும் பிளக்க வேண்டிய ஓடு, சுற்றிலும் வளையமாகப் பிளந்து நிற்கும். வளையம் வந்தது பெரும்பாலும் பிழைக்காது. இதற்கு மருந்து கேட்டு யாராவது பாட்டிலை நீட்டினால் வாங்காதீர்கள்.

என் கட்சி இதுதான், பலருக்கும் பிடிக்காது: இறால் தொட்டி அழுக்காக இருக்க வேண்டும். நாற்றமடிக்கிற அழுக்கு இல்லை. கண்ணாடியில் பச்சைப் பாசி, கட்டையில் வழவழப்பு, மாஸ் செடியில் மங்கலான படலம். அதுதான் சாப்பாடு. ஆரோக்கியமான இறாலை ஐந்து நிமிடம் பாருங்கள். முன்னங்கால் நுனியில் இருக்கிற சின்ன இடுக்கிகளால் ஒரு கை மாற்றி ஒரு கை சுரண்டி வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டே இருக்கும், நிறுத்தாது. குஞ்சுகளுக்கு இந்தப் படலத்தை விட்டால் வேறு கதியில்லை. முன்கண்ணாடியை மட்டும் மகள் பார்ப்பதற்காகத் துடையுங்கள். மற்ற மூன்று பக்கமும் அவற்றுக்கு. நம் வீட்டுச் சுத்தம் நல்ல பழக்கம்தான், அடுப்படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி வாரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாற்றவே வேண்டாம். ஆன்டி குளோரின் விட்ட தண்ணீரைத் தொட்டிச் சூட்டுக்குக் கொண்டுவந்து, காற்றுக்குழாயில் சொட்டுச் சொட்டாக இறக்குங்கள். ஸ்பாஞ்சில் தண்ணீர் இழுப்பது குறைந்தால் மட்டும், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு தரம் பிழியுங்கள். வெளுக்கக் கூடாது. செத்ததை உடனே எடுங்கள். கழற்றிப் போட்ட ஓட்டை எடுக்காதீர்கள், அவையே தின்று சுண்ணாம்புச்சத்தை மீட்டுக்கொள்ளும். மினரல் உப்பு இருக்கட்டும், நம் குழாய்த் தண்ணீர் மென்மையானது, அளவாகச் செர்ரிக்கு உதவும். ஆனால் மாற்றுகிற தண்ணீரில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும், நேராகத் தொட்டியில் தூவக் கூடாது. பாக்டீரியா பாட்டிலுக்குக் கொடுத்த காசுக்குத் தேக்காச் சந்தையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கியிருக்கலாம். கேலிக்குச் சொல்லவில்லை. இறால்காரர்கள் காசு கொடுத்து வாங்குகிற தீவனக் குச்சிகள் பலவற்றில் முருங்கைதான் சரக்கு. அக்கம்பக்கத்தில் மருந்தடிக்காமல் வளர்க்கிறவர்களிடம் வாங்கினால் இன்னும் நல்லது. வெந்நீரில் ஒரு முக்கு முக்கி நாலு இலை போடுங்கள், மிச்சத்தை மறுநாள் எடுத்துவிடுங்கள். வாரம் இரண்டு தரம் போதும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். வீட்டில் கொசு, கரப்பான் ஸ்பிரே அடிக்கிறீர்களா? அந்த மருந்து மீனைவிட இறாலை வேகமாகக் கொல்லும். புளோக்கின் கீழே டெங்கிக்காகப் புகையடிக்க வந்தால் சன்னலைச் சாத்தி, ஏர் பம்ப்பை நிறுத்தி, தொட்டியை மூடுங்கள். பம்ப் ஓடினால் அறைக்காற்றில் இருப்பதைத் தண்ணீருக்குள் அதுவே ஊதிவிடும். புகை கலைந்ததும் ஓடவிடுங்கள். புதுச் செடி வாங்கினாலும் பண்ணை மருந்து ஒட்டியிருக்கும், தனி வாளியில் ஒரு வாரம் வைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்துவிட்டு விடுங்கள். மீன் இல்லாத தொட்டியில் கொசுப்புழு வந்தால் இறால் பிடித்துத் தின்னாது. மேல்தண்ணீர் அசைந்துகொண்டே இருக்கட்டும்.

இப்போதைக்குப் புது இறால் வாங்காதீர்கள். அம்மோனியா, நைட்ரைட் சோதனைச் சொட்டு மருந்து வாங்கி, இரண்டும் பூஜ்யத்திலேயே நிற்கிறதா என்று இரண்டு வாரம் பாருங்கள். மிஞ்சியிருக்கிற செர்ரியில் ஒன்று வயிற்றுக்கடியில் முட்டையோடு தெரிந்தால் மகளை அதை எண்ணச் சொல்லுங்கள். முட்டை பொரிய மூன்று, நான்கு வாரம் ஆகும். மிச்சக் கிறிஸ்டலைச் சில்லர் வைத்திருக்கிற யாருக்காவது சும்மாவே கொடுத்துவிடுங்கள். கால்வாயிலோ நீர்த்தேக்கத்திலோ மட்டும் விட்டுவிடாதீர்கள், இங்கே அது சட்டப்படி குற்றம்.