ஆயில் குழாய் இல்லாத இன்டேக் மேனிஃபோல்டை மாட்டிய பழைய வி8 இன்ஜினுக்கு ஆயில் ஊற்றவும் கிராங்க்கேஸ் காற்றோட்டத்துக்கும் எப்படி வழி செய்வது?

கேள்வி கேட்டவரின் நிலைமை இதுதான். 1960களின் தொடக்கத்தில் வந்த செவ்ரோலெட் ஸ்மால் பிளாக் வி8. பழைய இரும்பு இன்டேக்கை (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவையைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டை) கழற்றிவிட்டு, நான்கு பேரல் கார்புரேட்டர் உட்காரும் அலுமினிய மேனிஃபோல்டு ஒன்றை மாட்டியிருக்கிறார். பழையதில் முன்பக்கம் நிமிர்ந்து நின்ற ஆயில் குழாய் புதியதில் இல்லை. ஹெட்டுகளின் மேல்மூடியான வால்வ் கவர்கள் பழையவையே. அவற்றில் ஒரு துளைகூடக் கிடையாது. "ஒரு கவரில் துளை போட்டு, ஃபில்டர் வைத்த பிரீதர் (காற்று போய்வரும் மூடி) ஒன்றை மாட்டினால் இரண்டு வேலையும் முடிந்துவிடுமா?" என்பது அவர் கேள்வி.

ஆயில் ஊற்றும் வேலை முடியும். காற்றோட்டம், அதாவது கிராங்க் சுழலும் அடி அறையான கிராங்க்கேஸிலிருந்து வாயுவை வெளியேற்றுவது, முடியாது. ஒரு பழைய 283 (கன இன்ச் கொள்ளளவு) இன்ஜினில் இதே மாற்றத்தைச் செய்தபோது நானும் பிரீதரோடு நிறுத்தியிருந்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க அதை ஓட்டினேன். முதலில் கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் இருக்கும் பின்பக்க மெயின் சீலில் ஆயில் கசிந்தது. சீலை மாற்றினேன், மறுபடி கசிந்தது. சீல்தான் சரியில்லை என்று வேறொன்று வாங்கிப் போட்டேன், அதுவும் கசிந்தது. பிறகு ஒருநாள் டிப்ஸ்டிக்கைப் பார்க்கப் போனால், அது குழாயிலிருந்து கால் இன்ச் மேலே எழும்பி நின்றுகொண்டிருந்தது. உள்ளே அழுத்தம் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. பிரீதரைப் பிடுங்கிப் பார்த்தேன். அதன் அடிப்பக்கம் முழுக்க வெண்ணெய் திரண்டதுபோல வெள்ளையாக ஒரு பசை. ஆயிலும் தண்ணீரும் கலந்து கடைந்த பசை அது.

நீங்கள் கழற்றிவைத்த அந்தக் குழாய் ஆயில் ஊற்ற மட்டும் வைத்ததல்ல, இன்ஜினுக்கு அதுதான் மூக்கு. 1955ல் வந்த முதல் 265 தொடங்கி 1960களின் தொடக்கம் வரை ஸ்மால் பிளாக்கில் ஏற்பாடு பெரும்பாலும் இப்படித்தான். ஆயில் மூடிக்குள் கம்பி வலை இருக்கும். வெளிக்காற்று அதன் வழியாக உள்ளே இறங்கி, மேனிஃபோல்டுக்குக் கீழே இருக்கும் லிஃப்டர் பள்ளத்தையும் கிராங்க்கேஸையும் சுற்றிக்கொண்டு, பிளாக்கின் பின்பக்கம் டிஸ்ட்ரிபியூட்டருக்கு அருகே இருக்கும் துளை வழியாக வெளியேறும். அந்தத் துளையில் ரோடு டிராஃப்ட் டியூப் என்ற நீண்ட குழாய் வண்டிக்கு அடிவரை இறங்கும். அதன் முனையைச் சாய்வாக வெட்டியிருப்பார்கள். வண்டி ஓடும்போது அடியில் அடிக்கும் காற்று அந்த முனையில் உறிஞ்சலை உண்டாக்கும். நின்ற வண்டியில் அது ஒன்றும் செய்யாது.

வெளியேற வேண்டியது என்னவென்றால், எவ்வளவு நல்ல ரிங்காக இருந்தாலும் எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும். புளோபை என்பார்கள். அதில் நீராவி, எரியாத பெட்ரோல், அமிலமாக மாறக்கூடிய வாயுக்கள் எல்லாம் இருக்கும். இன்ஜின் சூடேறுவதற்குள் அணைத்துவிடும் ஓட்டமாக இருந்தால் நீராவி உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகும். ஆயிலோடு சேர்ந்து களியாகத் தங்கும், பேரிங்கை அரிக்கும். போக வழி குறைந்தால் அழுத்தம் ஏறி, எந்த சீல் பலவீனமோ அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். என் இன்ஜினில் அது பின்பக்க சீல். உங்களுடையதில் மேனிஃபோல்டின் முன்னும் பின்னும் இருக்கிற கேஸ்கெட்டாக இருக்கலாம்.

இந்த வாயுவைத் தெருவில் விடாமல் இன்டேக்குக்கே திருப்பி எரிக்க வேண்டும் என்று 1961ல் கலிஃபோர்னியா மாநிலம் கட்டாயமாக்கியது. அதற்காகப் பரவலாக வந்ததுதான் பிசிவி வால்வு (பாசிடிவ் கிராங்க்கேஸ் வென்டிலேஷன், கிராங்க்கேஸ் வாயுவை இன்டேக்குக்கு அளவாக விடும் வால்வு). 1960களின் கடைசியில் செவ்ரோலெட் ஆயில் ஊற்றும் வாயை வால்வ் கவருக்கு மாற்றியது. பிற்காலத்து இன்ஜின்களை நினைத்து வார்த்த மேனிஃபோல்டுகளில் முன்பக்கக் குழாய் இல்லாததற்குக் காரணம் அதுவே. ஆக, உங்கள் இன்டேக் பிற்காலத்து அமைப்பு, கவர்கள் அதற்கு முந்தையவை. இரண்டுக்கும் நடுவே காற்றோட்டம் அறுந்துபோயிருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். காற்று நுழைய ஒரு வழி, வெளியேற இன்னொரு வழி, வெளியேறும் பக்கம் ஓர் உறிஞ்சல். இந்த மூன்றும் இருந்தால்தான் காற்றோட்டம். இரண்டு கவரிலும் அழகாக குரோம் பிரீதர் மாட்டிய இன்ஜின்களை நிறையப் பார்க்கலாம். அவற்றில் அழுத்தம் வேண்டுமானால் இறங்கும், ஈரம் போகாது. ஒரு கவரில் பிசிவி வால்வு, எதிர்க் கவரில் காற்று நுழையும் பிரீதர் என்று வையுங்கள். இரண்டையும் ஒரே கவரில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் காற்று குறுக்கு வழியில் அங்கேயே சுற்றிப் போய்விடும், கிராங்க்கேஸை எட்டிப் பார்க்காது.

ஆயில் ஊற்றத் தனித் துளை வேண்டியதில்லை. ரப்பர் கிரோமெட்டில் (துளையின் விளிம்பைக் கவ்வும் வளையத்தில்) அழுத்தி உட்காரும் பிரீதரைப் பிடுங்கிவிட்டு அதே துளையில் புனல் வைத்து ஊற்றலாம். பிரீதரில் ஹோஸ் மாட்டும் முனை இருக்கும்படி வாங்குங்கள். அந்த ஹோஸை ஏர் கிளீனருக்குள், ஃபில்டரைத் தாண்டிய சுத்தமான பக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முழு ஆக்சிலரேட்டரில் மேனிஃபோல்டு வாக்குவம் ஏறக்குறைய இல்லாமல் போகும். அந்த நேரம் புளோபையோ அதிகம். பிசிவி வழியே போக முடியாத வாயு இந்த ஹோஸ் வழியாகப் பின்னோக்கி வந்து கார்புரேட்டருக்குள் போய் எரிந்துவிடும். திறந்த பிரீதர் என்றால் அது வால்வ் கவர் மேல் ஆயில் பனியாகப் படிந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

துளை எங்கே போடுவது என்று முடிவெடுக்கும் முன் கவரை இன்ஜின் மேல் வைத்துப் பாருங்கள். பிரேக் பூஸ்டர், ஆல்டர்னேட்டர் பிராக்கெட், ஆக்சிலரேட்டர் லிங்க், ஏர் கிளீனரின் விளிம்பு எல்லாம் எங்கே வருகின்றன என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இன்ஜின் பின்பக்கம் சற்றுத் தாழ்ந்து உட்காரும். ஆயில் ஹெட்டின் பின்பக்கம் தேங்கும். அதனால் பிசிவியை முன்பக்கமோ நடுவிலோ வைப்பது நல்லது.

அடுத்தது பேஃபிள் என்ற மறைப்புத் தகடு. பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். கவருக்குள் வால்வுகளைத் திறக்கும் ராக்கர்கள் ஆயிலை வாரி இறைத்துக்கொண்டே இருக்கும். பிசிவி துளைக்கு நேர்கீழே மறைப்பு இல்லையென்றால் வால்வு காற்றோடு ஆயிலையும் உறிஞ்சும். பிரீதரை விட்டு பிசிவிக்கு மாறியபோது நான் வாங்கிய கவர்களில் பேஃபிள் இல்லை. ஆக்சிலரேட்டரை விட்டதும் நீலப் புகை வந்தது. ஹோஸைக் கழற்றினால் உள்ளே கறுப்பாக ஆயில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தகரத்தை வளைத்து, பக்கங்களில் மட்டும் காற்று புகும்படி ஒரு சின்னப் பெட்டி போலச் செய்து, கவரின் உட்புறம் பற்றவைத்தேன். புகை நின்றது. பெட்டியின் அடியில் தங்கும் ஆயில் திரும்பி வடிய ஒரு சிறு துளை விடுங்கள். ஊற்றும் துளைக்கும் பேஃபிள் வேண்டும். ஆனால் அதைத் துளையோடு ஒட்டி வைத்தால் ஆயில் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். கொஞ்சம் இடைவெளி விட்டுச் சாய்வாக வையுங்கள்.

பேஃபிள் ராக்கரில் இடிக்காதா என்று பார்க்க எளிய வழி உண்டு. குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி, பேஃபிளுக்குக் கீழே வரும் ராக்கர்கள் மேல் வையுங்கள். கேஸ்கெட்டோடு கவரை இறுக்கி, இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கவரைத் திறந்து, களிமண் எங்கே மிக மெலிதாக நசுங்கியிருக்கிறதோ அங்கே அளந்து பாருங்கள். ரோலர் ராக்கர் போட்டிருந்தால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

கவரை இன்ஜினில் வைத்தபடி துளை போடாதீர்கள். எவ்வளவு கிரீஸ் தடவினாலும், காந்தம் வைத்தாலும், சில துகள்கள் உள்ளே விழும். கழற்றி, மரக்கட்டைமேல் அமர்த்தி, கிரோமெட்டின் அளவுக்கு ஏற்ற ஹோல் சாவால் மெதுவாக வெட்டுங்கள். விளிம்பை அரத்தால் ராவி, கெரசின் விட்டுக் கழுவி, காற்றடித்துக் காயவையுங்கள். பேஃபிளை அதற்குப் பிறகு பற்றவையுங்கள், முன்பே வைத்தால் துகள் அதற்குள் ஒளிந்துகொள்ளும். வார்ப்பு அலுமினியக் கவர் என்றால் இன்னொரு சங்கடம் உண்டு. கிரோமெட்டின் பள்ளம் பொதுவாக மெல்லிய தகட்டுக்கானது, தடித்த வார்ப்பில் அது கவ்வாது. அகலப் பள்ளம் உள்ள கிரோமெட்டை வாங்குங்கள், அல்லது துளையைச் சுற்றி உட்புறத்தைக் குடைந்து மெலிதாக்குங்கள்.

பழைய கவர்களை வெட்ட மனமில்லையா? அதுவும் நியாயம்தான். பிளாக்கின் பின்பக்கத் துளை உங்கள் இன்ஜினில் இருக்கிறது. அதில் ரோடு டிராஃப்ட் டியூபுக்குப் பதிலாக பிசிவி வால்வு மாட்டும் அடாப்டர் கிடைக்கிறது. அந்தத் துளைக்குக் கீழே, லிஃப்டர் பள்ளத்தில் ஆயிலைப் பிரிக்கும் ஒரு தகர டப்பா இருக்கும். மேனிஃபோல்டு மாற்றும்போது அதைத் தேவையில்லை என்று எறிந்திருந்தால் தேடி எடுத்து மாட்டுங்கள், அதுதான் அங்கே பேஃபிள். காற்று நுழையவும் ஆயில் ஊற்றவும் மேனிஃபோல்டின் முன்பக்கம் குழாய் வேண்டும். சில ஆஃப்டர்மார்க்கெட் மேனிஃபோல்டுகளில் அந்த இடத்தில் வார்ப்பிலேயே ஒரு மேடு விட்டிருப்பார்கள். துளைத்துக் குழாயை அடித்து இறக்கினால் போதும். ஆனால் மேனிஃபோல்டைக் கழற்றி, தலைகீழாகப் போட்டு, அந்த மேட்டுக்கு நேர்கீழே லிஃப்டர் பள்ளம்தான் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். தெர்மோஸ்டாட்டுக்குப் போகும் தண்ணீர் வழியும் முன்பக்கத்தில்தான் குறுக்கே ஓடுகிறது. மேடே இல்லாத மேனிஃபோல்டை நான் துளைக்க மாட்டேன், கவரைத்தான் வெட்டுவேன்.

பிசிவி ஹோஸின் மறுமுனை கார்புரேட்டரின் அடிப்பலகையில், த்ராட்டில் தகட்டுக்குக் கீழே இருக்கும் பெரிய முனைக்குப் போக வேண்டும். வழக்கமாக அது 3/8 இன்ச். டிஸ்ட்ரிபியூட்டருக்கான சின்ன முனையில் மாட்டாதீர்கள். பெரிய முனை இல்லையென்றால் கார்புரேட்டருக்கு அடியில் முனையோடு கூடிய ஸ்பேசர் வைக்கலாம். மேனிஃபோல்டின் ஒரே ஒரு ரன்னரில் (ஒரு சிலிண்டருக்குப் போகும் கிளை வழியில்) துளையிட்டு எடுத்தால் அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் காற்று கூடும், அதன் பிளக்கில் மட்டும் ஆயில் படியும். ஹோஸ் ஆயிலும் பெட்ரோல் ஆவியும் தாங்குவதாக, உறிஞ்சலில் சப்பிப்போகாததாக இருக்கட்டும்.

பிசிவி வால்வுக்குள் ஸ்பிரிங் தாங்கிய ஒரு சின்னத் தண்டு இருக்கிறது. ஐட்லிங்கில் வாக்குவம் பலமாக இழுப்பதால் வழி குறுகும். சீரான ஓட்டத்தில் வாக்குவம் சற்றுக் குறைவதால் அகலும். கார்புரேட்டர் பின்னோக்கி வெடித்தால் மூடிக்கொண்டு, தீ கிராங்க்கேஸுக்குள் இறங்காமல் தடுக்கும். உங்கள் இன்ஜின் அளவுக்கு அந்தக் காலத்தில் கொடுத்த வால்வையே வாங்குங்கள். சாதாரண கேம் (வால்வுகளை இயக்கும் தண்டு) உள்ள நல்ல இன்ஜின் ஐட்லிங்கில் 18 முதல் 20 இன்ச் பாதரச வாக்குவம் காட்டும். பெரிய கேம் போட்டு அது 10க்குப் பக்கத்தில் நின்றால் வழக்கமான வால்வின் தண்டு நடுவில் ஆடித் தடதடக்கும். அதற்கு, அளவைத் திருகிச் சரிசெய்யும் வகை வால்வு வேண்டும். இந்த வால்வு கொஞ்சம் காற்றைப் புதிதாக இன்டேக்குக்குள் விடுகிறது, அதனால் மாட்டியதும் ஐட்லிங் ஏறும், கலவை மெலியும். ஐட்லிங் திருகையும் கலவைத் திருகுகளையும் மறுபடி சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

எல்லாம் மாட்டியபின், சூடான இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது பிரீதரைப் பிடுங்கி அந்தத் துளைமேல் ஒரு காகிதத்தை வையுங்கள். சில விநாடிகளில் காகிதம் மெல்ல ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாமல் படபடத்து எழும்பினால் முதலில் ஹோஸையும் வால்வையும் பாருங்கள். வால்வைக் கழற்றி ஆட்டினால் உள்ளே தண்டு ஆடும் சத்தம் கேட்க வேண்டும். அவை சரியாக இருந்தும் எழும்பினால் ரிங்குகள் தேய்ந்து, வால்வால் சமாளிக்க முடியாத அளவுக்கு வாயு கசிகிறது. கம்ப்ரஷன் பார்க்க வேண்டிய நேரம். அப்புறம், சில நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் பிசிவி ஹோஸைக் கழற்றி உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். லேசான பிசுபிசுப்பு இருந்தால் சரி. விரலில் ஆயில் வழிந்தால் பேஃபிளைத் திரும்பப் பாருங்கள்.