எட்டு மாத ஜெபத்துக்குப் பதில் இல்லையா?

அன்புச் சகோதரிக்கு ஸ்தோத்திரம்.

பக்கவாதத்தால் எட்டு மாதங்களாகப் படுக்கையில் இருக்கும் கணவரைக் கவனித்துக்கொண்டே ஜெபித்தும் தேவன் தூரமாகிவிட்டதாகத் தோன்றுகிறது என்றும், உங்கள் விசுவாசக் குறைவே காரணம் எனச் சபையார் சிலர் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல்லை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். வேதாகமத்தில் பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்து, உடலெங்கும் புண்களால் வாதிக்கப்பட்ட யோபுவின் சிநேகிதரும் ஏறக்குறைய அப்படித்தான் பேசினார்கள், தேவன் கடைசியில் கோபங்கொண்டது அவர்கள்மேல்தான்.

யோபு 42ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். "என் காதினால் உம்மைக்குறித்துக் கேள்விப்பட்டேன், இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது" என்று அவர் 5ஆம் வசனத்தில் சொல்லும்போது, புண்கள் ஆறியதாகவோ இழந்தவை திரும்பியதாகவோ எதுவும் எழுதப்படவில்லை, அவருடைய சிறையிருப்பு, அதாவது துன்பநிலை, மாறுவது 10ஆம் வசனத்தில்தான். துன்பத்தின் காரணமும் அவருக்கு விளக்கப்படவில்லை. அழுதும் வாதாடியும் தேவனை விட்டு விலகாதிருந்த அந்த மனிதருக்கு, விளக்கத்துக்குப் பதிலாகத் தேவனே கிடைத்தார் என்பதைத்தான் நான் அந்தப் புத்தகத்தில் மிகவும் அருமையானதாக எண்ணுகிறேன்.

திருநெல்வேலிப் பகுதியிலுள்ள டோனாவூரில் மிஷனரியாக ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931இல் விழுந்து அடிபட்ட பின் 1951இல் மரிக்கும்வரை பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே இருந்தார். நோயுற்றோருக்கென அவர் எழுதியவை அந்த அறையில் பிறந்தவை.

இன்றிரவு வார்த்தைகள் வராவிட்டால் 88ஆம் சங்கீதத்தையே ஜெபமாக்குங்கள். ஆறுதலான முடிவு ஏதுமின்றி முடியும் அந்தச் சங்கீதம், "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றே தொடங்குகிறது. கணவருக்கும் கேட்கும்படி சத்தமாக வாசியுங்கள். உங்கள் இருவருக்காகவும் நானும் ஜெபிக்கிறேன்.