விஆர்எஸ் (விருப்ப ஓய்வு) எப்போது? பையனின் பன்னிரண்டாம் வகுப்பைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்

அக்கா, நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குப் புரிந்தது இவ்வளவு. சாருக்கு, அதாவது உங்கள் கணவருக்கு, 55 ஆகிறது, அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர், 1996-இல் சேர்ந்தவர், ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ், பையன் பதினொன்றாம் வகுப்பு சயன்ஸ், கும்பகோணத்தில் மாமியார் தனியாக இருக்கிறார். டெல்லிப் புகையும் ஆபீஸும் போதும், மார்ச்சில் பையன் பரீட்சை முடிந்ததும் ஊரோடு போய்விடலாம் என்று சார் சொல்கிறார், உங்களுக்குத் தூக்கம் வரவில்லை. சார் வேலையை விடுவதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. இந்த மார்ச் வேண்டாம், அவ்வளவுதான்.

முதலில் பென்ஷன் பயத்தை முடித்துவிடுவோம். முப்பத்து மூன்று வருஷம் போட்டால்தான் முழு பென்ஷன் என்று யாரோ சொன்னார்களாம், அந்தக் கணக்கு ஆறாவது சம்பளக் கமிஷனோடு போய்விட்டது. 2004 ஜனவரிக்கு முன்னால் சேர்ந்தவர் என்பதால் சாருக்குப் பழைய பென்ஷன், அதில் இருபது வருஷ சர்வீஸ் முடித்துவிட்டு விஆர்எஸ் வாங்கினாலும் கடைசி பேசிக்கில் (அடிப்படைச் சம்பளத்தில்) பாதி வரும், அதன்மேல் டிஏவும் (அகவிலைப்படியும்) உண்டு. பேசிக் 80,000 என்று வையுங்கள், பென்ஷன் 40,000. இன்னும் ஐந்து வருஷம் இருந்து வருஷத்துக்கு மூன்று சதவீத இன்கிரிமென்ட் வாங்கினால் பேசிக் 92,000-ஐத் தாண்டும், பென்ஷன் 46,000 சொச்சம் ஆகும். பென்ஷனில் நஷ்டம் அவ்வளவு பெரிதில்லை. உண்மையான நஷ்டம் அந்த ஐந்து வருஷச் சம்பளத்தில் வராமல் போகிற மீதிப் பாதி, அதுவும் பையன் காலேஜ் படிக்கிற அதே வருஷங்களில். (2004-க்குப் பிறகு சேர்ந்த ஜூனியர்களுக்கு என்பிஎஸ், யூபிஎஸ் என்று வேறு பென்ஷன் திட்டங்கள், கதையே வேறு, அவர்களோடு ஒப்பிட வேண்டாம்.)

இனி என் துறையான காலேஜ் அட்மிஷனுக்கு வருகிறேன். டிடியூ, என்எஸ்யூடி, ஐஐஐடி டெல்லி ஆகிய டெல்லி இன்ஜினியரிங் நிறுவனங்களில் ஜேஇஇ மெயின் நுழைவுத் தேர்வு ரேங்க்கை வைத்து ஜாக் டெல்லி என்ற கூட்டுக் கவுன்சலிங் நடக்கிறது, 85 சதவீத இடங்கள் டெல்லிப் பிள்ளைகளுக்கு. யார் டெல்லிப் பிள்ளை? இங்கே உள்ள பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்து முடித்தவன். அப்பா எத்தனை வருஷம் இங்கே குப்பை கொட்டினார் என்று யாரும் கேட்கப் போவதில்லை! டெல்லியின் ஐபி யுனிவர்சிட்டியிலும் இதே மாதிரிதான். மார்ச்சில் நீங்கள் கும்பகோணம் போய் அங்கே பன்னிரண்டாம் வகுப்பு சேர்த்தால், ஒன்றாம் வகுப்பிலிருந்து டெல்லியில் படித்த பையன் ஒரே வருஷத்தில் வெளிமாநிலத்தான் ஆகிவிடுவான், மிச்சம் 15 சதவீதத்தில் இந்தியா முழுவதோடும் மோத வேண்டும். அதோடு சிபிஎஸ்இயில் பன்னிரண்டாம் வகுப்புக்கு நேரடியாகப் புது அட்மிஷன் கிடையாது, குடும்பம் இடம் மாறுகிறது என்று காகிதம் காட்டி போர்டின் அனுமதி வாங்க வேண்டும், ஜேஇஇக்குப் படிக்கிற நேரத்தில் அந்த அலைச்சல் தேவையா?

தமிழ்நாட்டுப் பக்கம் பாருங்கள். டிஎன்இஏ என்ற தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு நுழைவுத் தேர்வே இல்லை, கணிதம், இயற்பியல், வேதியியல் மார்க்கை வைத்து 200-க்குக் கட்ஆஃப். டெல்லியில் படித்திருந்தாலும் பெற்றோர் தமிழ்நாட்டுக்காரர் என்று நேட்டிவிட்டி சர்டிபிகேட் (பிறப்பிடச் சான்று) வைத்து விண்ணப்பிக்கலாம். ஆக, இன்னும் ஒரு வருஷம் இங்கே இருந்தால் இரண்டு ஊரிலும் போட்டி போடலாம், இப்போதே போனால் ஒன்று கைவிட்டுப் போகும். அந்த சர்டிபிகேட்டை மட்டும் இந்தக் கோடை விடுமுறையிலேயே வாங்கி வையுங்கள், கவுன்சலிங் சமயத்தில் தாலுகா ஆபீஸுக்கு ஓடுகிற டெல்லி அப்பாக்களை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

பையனை மட்டும் இங்கே விட்டுவிட்டுப் போகலாமே என்று சார் கேட்பார். குவார்ட்டர்ஸை ரிடையர் ஆன பிறகு சில மாதம்தான் வைத்திருக்க முடியும், அதற்கு மேல் போனால் டேமேஜ் ரென்ட் என்கிற அபராத வாடகை, அது வயிற்றைக் கலக்கும். போர்டு பரீட்சை வருஷத்தில் வீடு தேடிப் பக்கத்து முனீர்காவில் அலைவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சாருக்கு அலுப்பு நிஜம், மாமியார் தனியாக இருப்பதும் நிஜம். அதற்கு லீவு இருக்கிறது. அவர் ஈஎல் (ஈட்டிய விடுப்பு) கணக்கைப் பாருங்கள், அநேகமாக முந்நூறைத் தொட்டிருக்கும். ரிடையர் ஆகும்போது முந்நூறு நாளுக்குத்தான் காசு, அதற்கு மேல் ஜனவரியிலும் ஜூலையிலும் வரவாகிற நாட்கள் வீணாகத்தான் போகும். அதை எடுத்துக்கொண்டு ஒரு மாதம் கும்பகோணத்தில் அம்மாவோடு இருந்து பார்க்கட்டும். காலையில் டிகிரி காபி, பேப்பர், கோவில் எல்லாம் முடிந்து பத்தரை மணிக்கு மேல் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். ஏதாவது வேலை பார்க்கலாம் என்று தோன்றினால் அவருக்குத் தடை இல்லை, ரிடையர் ஆன ஒரு வருஷத்துக்குள் தனியார் வேலைக்கு அனுமதி கேட்க வேண்டியது குரூப் ஏ ஆட்கள்தான், செக்‌ஷன் ஆபீசர் குரூப் பி.

மத்திய அரசு மருத்துவத் திட்டமான சிஜிஹெச்எஸ் பற்றியும் விசாரியுங்கள், எல்லா ஊரிலும் அதன் வெல்னஸ் சென்டர் (மருத்துவ மையம்) கிடையாது. இல்லாத ஊரில் ஓபி (வெளிநோயாளி) செலவுக்கு மாதம் 1,000 ரூபாய் மருத்துவப்படிதான். உங்கள் இரண்டு பேரின் மாத்திரைச் செலவையும் எழுதி அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று, காலேஜ் ஃபீஸுக்காகப் பென்ஷனை கம்யூட் செய்ய, அதாவது ஒரு பகுதியை விற்று மொத்தமாகக் காசு வாங்க, வேண்டாம். நாற்பது சதவீதம் வரை விற்கலாம், ஆனால் முழு பென்ஷன் திரும்ப வரப் பதினைந்து வருஷம் ஆகும், சாருக்கு அப்போது எழுபதைத் தாண்டியிருக்கும். கிராஜுவிட்டி வருகிறது, எஜுகேஷன் லோன் இருக்கிறது, அந்த லோனைச் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே சாங்ஷன் வாங்குவது சுலபம்.

விஆர்எஸ் நோட்டீஸ் மூன்று மாதம். பையன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஜூன் ஜூலையில் ஜாக், பிறகு டிஎன்இஏ என்று எங்காவது சீட்டு உறுதியான பிறகு சார் எழுதிக் கொடுக்கட்டும், அந்த வருஷப் புகை மூட்டம் தொடங்கும்போது நீங்கள் கும்பகோணத்தில் இருக்கலாம். அவசரப்பட்டு ஏற்கெனவே கொடுத்துவிட்டார் என்றால், குறிப்பிட்ட தேதிக்கு முன்னால் வாபஸ் கேட்கலாம், ஆனால் அதற்கு மேலிடம் சம்மதிக்க வேண்டும். அதனால் இன்று ராத்திரியே அவரிடம் கேட்டுவிடுங்கள்.